ரெய்ன்மீட்டரில் ரெஜெக்ஸ் வழிச் சொல்மாற்றம்

ரெய்ன்மீட்டர் என்பது கடிகாரம், வானிலை, நினைவகப் பயன்பாடு போன்றவற்றை விண்டோஸ் முகப்புத் திரையில் காட்டும் விட்ஜெட்களை எழுதப் பயன்படும் திறமூல மென்பொருள். கிம்மோ பெக்கோலா இதை 2001-இல் தொடங்கினார். இதில் விட்ஜெட்டின் பெயர் ‘ஸ்கின்’. ஸ்கின் கோப்பில் ‘மெஷர்’ எனப்படும் பகுதிகள் தகவலைத் திரட்டும். ‘மீட்டர்’ பகுதிகள் அதைத் திரையில் வரையும். மெஷர் தந்த எழுத்துச்சரத்தை மீட்டருக்குப் போகுமுன் திருத்துவது ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற ஒற்றை வரி. உடன் ‘ரெஜ்எக்ஸ்ப்சப்ஸ்டிட்யூட்=1’ என்று சேர்த்தால், தேடவேண்டிய பகுதியை மென்பொருள், எழுத்துகளின் வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, சுருக்கமாக ரெஜெக்ஸாக, படிக்கும்.

ரெஜெக்ஸ் கணினித் திரைக்காகப் பிறந்ததல்ல. மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் 1943-இல் முன்வைத்த நரம்பு வலை மாதிரியை ஆராய்ந்த கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி, 1951-இல் ராண்ட் நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் இதன் இலக்கணத்தை வகுத்தார். 1956-இல் அது நூல்வழி வெளியானது. ‘பூச்சியம் அல்லது அதற்கு மேற்பட்ட முறை’ என்பதைக் குறிக்கும் நட்சத்திரக் குறி இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கணிதத் தாளிலிருந்து இதை உரைத் தொகுப்பானுக்குக் கொண்டுவந்தவர் கென் தாம்சன். ரெஜெக்ஸை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திர மொழிக்கு மாற்றித் தேடும் முறையை 1968-இல் அவர் வெளியிட்டார். பின்னர் யூனிக்ஸின் ‘எட்’ தொகுப்பானில் தேடலும் மாற்றீடும் ஒரே கட்டளையில் சேர்ந்தன. எட்டிலிருந்து ‘கிரெப்’ பிரிந்தது. லீ மக்மஹோன் ‘செட்’ கருவியை எழுதினார். லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழி இந்தக் குறியீட்டை மிகவும் விரித்தது. பெர்லின் வழக்கைப் பிற மென்பொருள்களும் கையாள, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிலிப் ஹேசல் 1997-இல் பிசிஆர்இ நூலகத்தை உருவாக்கினார். எக்சிம் என்ற அஞ்சல் வழங்கிக்காக எழுதப்பட்ட அந்த நூலகத்தின் வழக்கே ரெய்ன்மீட்டரிலும் நடக்கிறது. தாம்சனின் முறை பின்னோக்கித் திரும்பாமல் தேடும். பிசிஆர்இ திரும்பித் திரும்பித் தேடும். விட்ஜெட்டில் புழங்கும் சரங்கள் குறுகியவை என்பதால் இந்த வேறுபாடு அங்கே பொருட்டல்ல.

சப்ஸ்டிட்யூட் வரியில் தேடலும் மாற்றீடும் மேற்கோள் குறிகளுக்குள் இணைகளாக எழுதப்படும். நடுவே முக்காற்புள்ளி, இணைகளுக்கிடையே காற்புள்ளி. "\.0+$":"" என்ற இணை 31.0 என்பதை 31 ஆக்கும். அடைப்புக்குறிக்குள் பிடித்த பகுதிகளை \1, \2 என்று திரும்ப அழைக்கலாம். "^([0-9]+)-([0-9]+)-([0-9]+)$":"\3-\2-\1" என்பது 2024-08-15 என்ற தேதியை 15-08-2024 எனத் திருப்பிப் போடும். மெஷருக்கு எதுவும் கிடைக்காதபோது திரை வெறுமையாக நிற்காமலிருக்க "^$":"--" போதும். மாறுவது எழுத்துச்சரம் மட்டுமே. மெஷரின் எண் மதிப்பு அப்படியே இருக்கும். ஆகவே பட்டை வரைபடம் இதனால் பாதிக்கப்படாது.

இணைகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் செயல்படும். முந்தைய இணையின் விளைவே அடுத்ததற்கு உள்ளீடு. பெரும்பாலான பிழைகளின் ஊற்று இதுதான். 0-ஐ 1 ஆக்கி, அடுத்து 1-ஐ 0 ஆக்கும் வரி இரண்டையும் இடம் மாற்றுவதில்லை. எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடுகிறது. யாஹூ வானிலைச் சேவை 0 முதல் 47 வரையிலான எண்களால் வானத்தின் நிலையைச் சொன்ன காலத்தில், அந்த எண்களைச் சொற்களாக்கும் நீண்ட வரிகள் ஸ்கின்களில் இருந்தன. அங்கே "1" என்று மட்டும் எழுதினால் 10, 11 ஆகியவற்றிலுள்ள ஒன்றும் சிக்கிக்கொள்ளும். "^1$" என்று இரு முனையிலும் கட்டுவதே சரி. ரெஜெக்ஸ் இல்லாமல் எழுதினால், ஈரிலக்க எண்கள் முதலில் மாறும்படி இணைகளை வரிசைப்படுத்த வேண்டும்.

தமிழில் காட்டும் ஸ்கின்னைப் பொறுத்தவரை, கோப்பை யுடிஎஃப்-16 எல்இ குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இல்லையேல் எழுத்துகள் சிதையும். அத்துடன், ரெஜெக்ஸின் புள்ளி ஒரு யூனிகோடு குறியைத்தான் பிடிக்கும், ஓர் எழுத்தை அல்ல. ‘செவ்வாய்’ என்பதன் முதலெழுத்தை எடுக்க "^(.).*$":"\1" என்று எழுதினால் ‘ச’ மட்டுமே வரும், துணைக்குறி உதிர்ந்துவிடும். "^(.[ா-்]?).*$" என்று எழுதினால் ‘செ’ முழுதாகக் கிடைக்கும்.

பிற விட்ஜெட் மென்பொருள்களில் வழக்கு வேறு. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட கான்ஃபாபுலேட்டர், மேக்கின் டாஷ்போர்டு ஆகியவற்றின் விட்ஜெட்கள் மொழியின் சொந்த ரெஜெக்ஸையே கொண்டிருந்தன. அங்கே பிடித்த பகுதியை \1 என்றல்ல, $1 என்று அழைக்க வேண்டும். தனிக்கொடி இடாவிட்டால் முதல் பொருத்தம் மட்டுமே மாறும். லினக்ஸின் காங்கி மென்பொருளில் லுவா மொழி நிரல்கள் எழுதலாம். ஆனால் லுவாவின் வடிவங்கள் ரெஜெக்ஸ் அல்ல: தப்புக்குறி %, ‘இது அல்லது அது’ என்பதற்கான | கிடையாது.

மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணம் காட்டி 2012-இல் விண்டோஸ் கேட்ஜெட்களைக் கைவிட்டது. 2019-இல் மேக்கிலிருந்து டாஷ்போர்டு நீங்கியது, ரெய்ன்மீட்டர் தொடர்கிறது.