பூச்சுக்குள் திரும்பி வந்த உலோகம்

சிப் தயாரிக்கும் கூடங்களில் வேண்டாத உலோகம் என்றால் எல்லோருக்கும் அச்சம். துளியினும் துளியாகச் சோடியமோ செம்போ சிலிக்கானுக்குள் நுழைந்தால் போதும், டிரான்சிஸ்டரின் நடத்தை மாறிவிடும். அந்தக் கூடங்களுக்குள்ளேயே இப்போது வெள்ளீயம் கலந்த ஃபோட்டோரெசிஸ்ட் வந்திருக்கிறது. ரெசிஸ்ட் என்பது சிலிக்கான் வில்லையின் மேல் பூசப்படும் மெல்லிய படலம். ஒளி பட்ட இடமும் படாத இடமும் அதில் வெவ்வேறு விதமாகக் கரையும். எஞ்சி நிற்கும் பகுதி, அடியில் உள்ளதை அரிப்பிலிருந்து காக்கும். உலோகம் கலந்த ரெசிஸ்டை முன்மாதிரி இல்லாத புதுமை என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலோகம் ரெசிஸ்டில் நெடுங்காலம் இருந்தது, பிறகு வெளியேறியது, இன்று வேறொரு வேலைக்காகத் திரும்பியிருக்கிறது.

ரெசிஸ்டின் முன்னோர்கள் அச்சுத்தொழிலைச் சேர்ந்தவர்கள். 1820-களில் பிரான்சின் நியெப்ஸ், நிலக்கீலை லாவண்டர் எண்ணெயில் கரைத்துத் தகட்டில் பூசினார். வெயில் பட்ட இடம் இறுகியது, படாத இடம் எண்ணெயில் கழுவிப் போனது. அதற்குப் பல மணி நேர வெயில் தேவைப்பட்டது. 1839-ல் மங்கோ பாண்டன் பொட்டாசியம் டைகுரோமேட் ஒளிக்கு மாறுவதைக் கண்டார். 1852-ல் டால்போட் அதை ஜெலட்டினோடு கலந்து, உலோகத் தகட்டில் படம் செதுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒளி படும்போது டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் தன் நிலை மாறி, ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த இடம் நீரில் கரையாது. கரிமப் பொருளும் உலோகமும் சேர்ந்து ஒளிக்கு வினைபுரிந்த கலப்புப் பூச்சுதான் அது. சுமார் நூறாண்டுகள் படப்பிளாக் செய்தவர்களின் கைப்பழக்கப் பொருளாக அது இருந்தது. ஆனால் ஒரு குறை: இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்ல இறுகிவிடும், பூசியதைச் சேமித்து வைக்க முடியாது. கோடாக் நிறுவனத்தின் லூயி மின்ஸ்க் உருவாக்கிய, உலோகமற்ற பாலிமர் ரெசிஸ்ட் 1950-களில் சந்தைக்கு வந்ததும் குரோமியம் ஓரங்கட்டப்பட்டது. 1957 வாக்கில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் லாத்ராப்பும் நாலும் டிரான்சிஸ்டர் செய்ய எடுத்துக்கொண்டது கோடாக் ரெசிஸ்டைத்தான். சிப் தொழில் பிறந்தபோதே உலோகம் ரெசிஸ்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அதைத் திரும்ப அழைத்தது ஒளியின் தட்டுப்பாடு. தட்டுப்பாடு முன்பும் வந்ததுண்டு. 1980-களின் தொடக்கத்தில், அலைநீளத்தை 250 நானோமீட்டர் அளவுக்குக் குறைக்க முயன்றபோது, அன்றைய பாதரச விளக்குகள் அந்த அலைநீளத்தில் மங்கலாகவே எரிந்தன. ஐபிஎம்-மின் சான் ஹோசே ஆய்வகத்தில் ஹிரோஷி இட்டோ, கிராண்ட் வில்சன், ழான் ஃப்ரெஷே மூவரும் வேதியியலால் இதற்கு விடை கண்டார்கள். ஒளி ஓர் அமில மூலக்கூறை உண்டாக்கும். அந்த அமிலம் தான் தீர்ந்துபோகாமல் வினையூக்கியாகப் பல பிணைப்புகளை முறிக்கும். குறைந்த ஒளியை வினை பெருக்கிக் கொடுத்தது. இன்றைய மிக நுண்ணிய சிப்களை வரையும் 13.5 நானோமீட்டர் புறஊதா ஒளிக்கும் இதே வழி போதாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் சிக்கல் தெரியும். அந்த ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் 92 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சுமக்கிறது, அதற்கு முந்தைய 193 நானோமீட்டர் ஒளியின் ஃபோட்டானைப் போல 14 மடங்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல் பாய்ச்சினால், ஒரு சதுர நானோமீட்டரில் பழைய ஒளியில் ஏறக்குறைய 195 ஃபோட்டான்கள் விழும். புதிய ஒளியில் 14 மட்டும். அவற்றிலும் பெரும்பகுதி மெல்லிய கரிமப் படலத்தை ஊடுருவிப் போய்விடும். விழுந்த சிலவும் தற்செயலாகச் சிதறி விழுவதால் கோட்டின் விளிம்பு கரடுமுரடாகும். வினையால் பெருக்கினால் அந்தத் தற்செயலும் சேர்ந்தே பெருகும். வராத ஃபோட்டானை எந்த அமிலமும் ஈடுசெய்யாது.

ஆகவே, வரும் ஃபோட்டானைத் தவறவிடாமல் பிடிக்கும் அணு தேவைப்பட்டது. கார்பனைவிட வெள்ளீயம் இந்த ஒளியைப் பன்மடங்கு உறிஞ்சும். 2007-ல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த இன்ப்ரியா நிறுவனம் முதலில் ஹாஃப்னியத்தை முயன்று, பின்னர் வெள்ளீயத்துக்கு மாறியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓபரும் கியனெலிஸும் ஹாஃப்னியம், சிர்கோனியம் நுண்துகள்களை ஆராய்ந்தார்கள். வெள்ளீய ரெசிஸ்டில் உலோக அணுக்கள் ஆக்சிஜனால் கோக்கப்பட்டுச் சிறு கூண்டுகளாக நிற்கின்றன. அதிகம் ஆராயப்பட்ட கூண்டில் 12 வெள்ளீய அணுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பியூட்டைல் தொகுதி வேலி போலத் தொங்குகிறது. உறிஞ்சப்பட்ட ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானை எறிய, அது மேலும் சில எலெக்ட்ரான்களைக் கிளப்புகிறது. அவை வெள்ளீயத்துக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கின்றன. வேலி போனதும், சூடேற்றும்போது பக்கத்துக் கூண்டுகள் ஆக்சிஜன் வழியே கைகோத்துக் கரையாத ஆக்சைடு வலையாகின்றன. குரோமியத்தின் காலத்தில் உலோகம் முடிச்சு, கரிமம் இழை. இங்கே கட்டுமானமே உலோகம், கரிமம் விலகிப்போக வேண்டிய காவல். பெயரளவில் இரண்டும் கலப்புதான் என்றாலும் வேலைப்பங்கீடு தலைகீழாகியிருக்கிறது. இந்த ஆக்சைடு அரிப்பை நன்றாகத் தாங்குவதால் படலம் 20 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தாலும் போதும், மெல்லிய கோடுகள் சாய்ந்து விழுவதும் குறைகிறது.

2019-ல் இந்த ஒளியால் பேரளவு உற்பத்தி தொடங்கியபோது கைகொடுத்தது அமில ரெசிஸ்ட்தானே என்ற மறுப்பு நியாயமானது. உலோகம் அதை அகற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை; மிக நெருங்கிய கோடுகளில்தான் உலோகத்தின் தேவை கூர்மையாகிறது. பழைய குரோமியப் பூச்சைப் போலவே வெள்ளீயப் படலமும் காத்திருப்பை விரும்புவதில்லை. ஒளி பட்டபின் காற்றின் ஈரம் அதைத் தொடர்ந்து மாற்றும், அதனால் நேரத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். மாசு பற்றிய அச்சம் இன்னும் ஆழமானது. வில்லையின் பின்புறமும் விளிம்பும் தனியாகக் கழுவப்படுகின்றன. படலத்திலிருந்து வெளியேறும் வெள்ளீயம், ஒளி பாய்ச்சும் இயந்திரத்தின் கண்ணாடிகளில் படியாதா என்ற கேள்வியும் இருந்தது. ஆனால் அந்த இயந்திரம் வெள்ளீயத்துக்குப் புதியதல்ல. அதன் ஒளியே நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசரால் தாக்கித்தான் பிறக்கிறது. கண்ணாடியில் படியும் வெள்ளீயத்தை வாயுவாக்கி அகற்ற ஹைட்ரஜன் அதற்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.