களனிக் கரையில் ஒரு பெருக்கற் கணக்கு

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வீதி வழியே செல்வோர் களனி கங்கையைக் கடந்து, பேலியகொடையைத் தாண்டியதும் வத்தளையை அடைவர். அப்பக்கத்தில் நீர் நிறைந்து கடலோடு கலக்கும் இவ்வாற்றைக் காண்போருக்கு, இது நீர் குறைந்தமையால் பல்லாயிரவர் மாண்ட கதையை நம்புதல் அரிதாகும்.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் மேற்பகுதிகளில் ஓட்டம் குன்றி, ஆற்றுப்படுகையிலே தெளிந்த நீர்க்குட்டைகள் எஞ்சின. வெயில் படும் அத்தகைய தெளிநீரே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இங்கு விரும்பி முட்டையிடும் இடமாகும். ஒக்டோபரிற் பரவத் தொடங்கிய காய்ச்சல் அடுத்த ஆண்டிலும் நீடித்து, ஏறத்தாழ 15 இலட்சம் பேரைப் பீடித்தது. 80,000 பேர் வரையில் மாண்டனர். அன்று இலங்கையின் குடிசனம் 60 இலட்சத்துக்கும் குறைவு.

மழையையும் நுளம்பையும் பலர் அறிவர். ஆனால் உயிர்களைக் கொண்டு சென்றது ஒற்றைக் கலத்தாலான ஓர் உயிர். 1880இல் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளரின் இரத்தத்தில் அதனைக் கண்டார். அதற்கு நெடுங்காலம் முன்னரே நம்மவர் இந்நோயை முறைக்காய்ச்சல் என்றனர். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமும் முறை தவறாது வருவதைக் கண்டு இட்ட பெயர் அது. காரணத்தை அறியாமலே காரணப்பெயர் இட்டுவிட்டனர்!

அம்முறையின் இரகசியம் யாது? குளத்து நீரில் வாழும் அமீபா, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, தன்னுடல் இரண்டாகப் பிளந்து பெருகும். மலேரியாக் கிருமி இன்னும் விரைவானது. செங்குழியம் ஒன்றினுள் புகுந்து, அதனை உண்டு வளர்ந்து, தன் கருவைப் பலமுறை பிரித்து, ஈற்றிற் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு வரையிலான கூறுகளாகச் சிதறுகிறது. வைவாக்ஸ் என்னும் இனத்துக்கு இதற்கு 48 மணி நேரம் வேண்டும். குழியங்கள் ஒருமிக்க வெடிக்கும் வேளையே நடுக்கம் காணும் வேளை என்பதை, இத்தாலியரான கொல்கி 1880களில் எடுத்துக்காட்டினார். ஒன்று பதினாறாகி, யாவும் பிழைப்பதாகக் கொண்டால், எட்டு நாளில் 65,536. உடல் எதிர்த்து நின்று பலவற்றை அழிக்கும். ஆயினும் எதிர்க்க உடலில் வலு வேண்டுமே! உலகப் பொருளாதார மந்தமும் விளைச்சற் குறைவும் வாட்டிய அக்காலத்தில், பலரிடம் அது இருக்கவில்லை. ஆணும் பெண்ணுமாய்க் கூடும் வாழ்வு இக்கிருமிக்கும் உண்டு; அது நுளம்பின் வயிற்றில் நிகழ்வது.

கொயினாவுடன் உணவும் மருந்தாயிற்று. சூரிய மல் இயக்கத்தார் ஊர் ஊராகச் சென்று பணியாற்றினர். பருப்பு வழங்கியமையால் என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மகாத்தயா’ என்ற பெயரும் வாய்த்தது. மெலிந்தோர்க்கு மார்மைட் கொடுக்கப்பட்டது. அது மதுவத்தின் சாறு. மதுவமும் ஒற்றைக் கலமே. தாய்க் கலத்தில் அரும்பு தோன்றிப் பிரிந்து, அதுவும் இலிங்கமில் முறையிலேயே பெருகுகிறது. அப்பத்துக்குக் கள்ளூற்றிக் கரைத்த மா விடியுமுன் பொங்குவதும் அதன் வேலையே. ஒரு கலத்தின் பெருக்கம் கொன்றது. இன்னொன்றின் பெருக்கம் பசி தீர்த்தது.

பின்னர் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றியென்று கருதி 1964இல் தெளிப்பை நிறுத்தினர். பதினேழு என்பது மனிதருக்குச் சிறு தொகை. பிளந்து பெருகும் உயிருக்கு அப்படியன்று. வைவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கவும் வல்லது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

உள்நாட்டிலே தொடர்ந்து நிலவிய தொற்றின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. நுளம்பு போய்விடவில்லை. பிறநாடுகளிலிருந்து திரும்புவோர் சிலரின் இரத்தத்திற் கிருமியும் வந்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியிற் பூசி உருப்பெருக்கியின் கீழ் வைத்து இன்றும் பார்க்கிறார்கள்.