இளையராஜா பாடல்களில் கிட்டார்

தமிழ்த் திரையிசையில் கிட்டார், துணைக்கருவி என்ற நிலையிலிருந்து பாடலின் முகமாக உயர்ந்தது இளையராஜாவின் (பி. 1943) இசையில்தான். அவரே கிட்டார் கலைஞர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றார். சலில் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்தார்.

கிட்டாரே முகமான பாடல்களில் முன்னணியில் நிற்பது 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'. வைரமுத்து எழுதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) சுரங்களை ஒருசேர அடிக்காமல், தந்தி தந்தியாகப் பிரித்து விரல்களால் மீட்டும் அந்தத் தொடக்கம் ஒலித்ததுமே, குரல் வருமுன் பாட்டு அடையாளமாகிவிடும். கிட்டார் பழகும் பிள்ளைகள் இன்றும் அதில் கைவைத்துப் பார்க்கிறார்கள். மெட்டு 1983இல் 'கலாகார்' படத்தின் வழியே இந்திக்கும் போனது. அங்கே பாடியவர் கிஷோர் குமார்.

இளையராஜாவின் 100ஆவது படமான 'மூடுபனி'யின் (1980) 'என் இனிய பொன் நிலாவே' இவ்வகையில் 'இளைய நிலா'வுக்கு முன்னோடி.

இந்தக் கிட்டார் பகுதிகளில் இளையராஜாவின் பங்கு எது, வாசித்தவரின் பங்கு எது? ஜாஸ் கலைஞர் தனிவாசிப்பை மேடையிலேயே கற்பனையால் வளர்த்தெடுப்பார். இளையராஜாவோ ஒவ்வொரு சுரத்தையும் முன்கூட்டியே தாளில் எழுதிவிடுபவர். எழுதியதை வாசிப்பதால் கலைஞரின் பங்கு குறைவதில்லை. 'இளைய நிலா'வில் தொடுகையும் அழுத்தமும் சந்திரசேகருடையவை. அவர் பெயரைப் பாடலோடு சேர்த்துச் சொல்வதே நியாயம்.