வாயில்லா உயிரும் வழக்குரைப்போரும்: இந்தியப் பிராணிவதைத் தடுப்புச் சட்ட வரலாற்றில் முறையீட்டின் நிலை

கன்றை இழந்த பசு அரண்மனை வாயில் மணியை அசைத்து நீதி கேட்ட கதையைச் சிலப்பதிகாரம் கண்ணகியின் கூற்றில் சுருக்கமாகவும், பெரியபுராணம் விரிவாகவும் சொல்கின்றன. அக்கதையில் அரசனின் நடுநிலை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. மணியைப் பற்றி எழுதியோர் குறைவு. துன்புற்ற விலங்கே அங்கு முறையிடுகிறது. பசுவுக்கும் மன்னனுக்கும் இடையில் சாட்சியாகவோ முகவராகவோ வேறொரு மனிதன் தேவைப்படவில்லை. தற்காலச் சட்டத்தில் அத்தகைய மணி இல்லை. வண்டி மாட்டின் புண்ணை வேறொருவர் கண்டாக வேண்டும். கண்டவர் காவல் நிலையத்திற்கோ நடுவர் மன்றத்திற்கோ சென்று சொல்லியாக வேண்டும். அவர் சொல்லாவிடில் குற்றம் நிகழ்ந்ததாகவே பதிவாவதில்லை. இந்த மூன்றாம் மனிதரை இந்தியச் சட்டம் எங்கே நிறுத்தியது, எவரைப் பற்றி அவர் முறையிட்டார் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இதற்கெனத் தனிச் சங்கம் முதலில் உருவான கல்கத்தா நகரமே கட்டுரையின் முதன்மைக் களமாக அமைகிறது.

விலங்கு நலம் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் அசோகன் கல்வெட்டிலும் குறளின் கொல்லாமை அதிகாரத்திலும் தொடங்கி, நேரே இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து சேர்வது வழக்கம். அறக்கருத்தின் தொன்மையை நிறுவ அது போதும். சட்டத்தின் வரலாற்றை அறிய உதவாது. நம் சட்டம் 1822-இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் ரிச்சர்டு மார்ட்டின் கொணர்ந்த சட்டத்தின் வழியில் வந்தது. அங்கு 1824-இல் அமைந்த பிராணிவதைத் தடுப்புச் சங்கமே இங்குள்ள சங்கங்களுக்கு முன்மாதிரி. அதனால் இரக்கமும் கப்பலேறி வந்ததெனக் கொள்வது பிழை. 1832 சூன் மாதத்தில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்வோர்க்கு நாயொன்றுக்கு எட்டணா வீதம் வழங்கப்பட்டபோது, பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்தனர். பிற சமயத்தாரும் உடன் நின்றனர். சங்கமோ தனிச் சட்டமோ இல்லாத காலத்து எதிர்ப்பு அது. அங்குக் குற்றம் சாட்டப்பட்டது அரசு. பின்னர் வந்த சட்டங்கள் இத்திசையை மாற்றின என்பது கருதத்தக்கது.

கல்கத்தாச் சங்கத்தை 1861-இல் நிறுவியவர் கோல்ஸ்வர்த்தி கிராண்ட் என்னும் ஆங்கிலேய ஓவியர். நகரத்து மனிதர்களையும் தெருக்காட்சிகளையும் கோட்டோவியங்களாகத் தீட்டியவர். பிரசிடென்சி கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர். தெருவைக் கூர்ந்து நோக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இச்சங்கத்தைத் தொடங்கியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சங்கத்தின் பணியும் நோக்குவதே ஆயிற்று: அளவுக்கு மிஞ்சிய பாரம், நுகம் அழுத்திய கழுத்துப் புண், நொண்டும் குதிரை, முறுக்கப்பட்ட வால்.

அதே 1861-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காவல் சட்டத்தின் 34-ஆம் பிரிவு விலங்கைக் கொடுமையாக அடிப்பதையும் துன்புறுத்துவதையும் குற்றமாக்கியது. தண்டனை ஐம்பது ரூபாய் வரை அபராதம் அல்லது எட்டு நாள் வரை சிறை. இப்பிரிவின் சொல்லமைப்பை ஊன்றிப் படித்தல் வேண்டும். நகர எல்லைக்குட்பட்ட சாலையிலோ திறந்த வெளியிலோ, அங்கு வாழ்வோர்க்கும் வழிச்செல்வோர்க்கும் இடையூறோ தொல்லையோ விளையுமாறு செய்யப்படும் செயல்களை அது பட்டியலிடுகிறது. சாலையில் குப்பை கொட்டுதல், குடித்துக் கிடத்தல் ஆகியவற்றோடு விலங்குவதையும் அப்பட்டியலில் ஒன்று. தன் கண்ணெதிரே இவற்றைச் செய்பவரைக் காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஆகவே சட்டம் முதலில் காத்தது பார்ப்பவரின் மனத்தை எனலாம். மாட்டின் வலி, காண்போரின் தொல்லையாக மொழிபெயர்க்கப்பட்ட பின்னரே சட்டத்திற்குள் நுழைய முடிந்தது.

வங்காளத்தில் 1869-இல் தனிச் சட்டம் வந்தது. அதற்கு உழைத்தவருள் முதன்மையானவர் பியாரிசந்த் மித்ரா. வங்க உரைநடைப் புனைகதையின் முன்னோடியாக இலக்கிய மாணவர் அறிந்த அவரே, வங்கச் சட்டமன்ற உறுப்பினராக இம்மசோதாவுக்குத் துணைநின்றார். பின்னர் கிராண்டின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். பேச்சு வழக்கை இலக்கியத்திற்குள் கொணர்ந்த எழுத்தாளர் ஒருவர் பேசாத உயிருக்கான சட்டத்திலும் பங்கேற்றதைத் தமிழ் ஆய்வாளர் அறிந்திருத்தல் நன்று.

இந்தியா முழுமைக்குமான 1890-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம், கொடுமையாகவும் தேவையின்றியும் அடித்தல், மிகை பாரம் ஏற்றுதல், வலியுண்டாகுமாறு கட்டிச் சுமத்தல் ஆகியவற்றுக்கு நூறு ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதித்தது. ஆனால் குற்றம் தெருவிலோ, பொதுமக்கள் செல்லக்கூடிய இடத்திலோ, அத்தகைய இடத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியும்படியோ நிகழ்ந்திருக்க வேண்டும். விலங்கு என்பதும் வீட்டு விலங்கையும் பிடித்து அடைக்கப்பட்டதையும் மட்டுமே குறித்தது. வீட்டுக் கொல்லையிலும் மூடிய தொழுவத்திலும் நடப்பவை பொதுவாக இச்சட்டத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டன.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. பூக்கா எனப்பட்ட வழக்கத்தை அச்சட்டம் தனிப்பிரிவில் தண்டித்தது. நகரத்து மாட்டுக் கொட்டில்களில் கன்றை வளர்ப்பது இழப்பாகக் கருதப்பட்டது. கன்று குடிக்கும் பால் விற்பனைப் பாலன்றோ? எனவே கன்று பட்டினியால் சாக விடப்பட்டது. கன்றில்லாத பசு பால் சுரக்க மறுக்கும். அம்மறுப்பைத் தகர்க்கப் பசுவின் பிறப்புறுப்பில் குழாய் வழியே காற்றை ஊதினர், இதுவே பூக்கா. தமிழ்நாட்டில் இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின்முன் நிறுத்தும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும்; ஆயின் அது ஏமாற்று, இது சித்திரவதை. தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத இக்கொடுமை வெளிவந்ததற்குக் கல்கத்தாவில் அச்சிட்டுப் பரப்பப்பட்ட வெளியீடுகளும் காரணம். காந்தியடிகள் பாலைத் துறக்க முடிவுசெய்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாக, கல்கத்தாவிலிருந்து வந்த இத்தகைய வெளியீடுகளைப் படித்ததைத் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். தெருவில் பார்த்துக் காவலரிடம் சொல்லும் முறையீட்டினின்று வேறான ஒன்று இங்கே தோன்றியது: கண்டதை எழுதிக் காணாதவரிடம் சேர்ப்பது.

எனினும் நாள்தோறும் பிடிபட்டவர் வண்டிக்காரரே. பொதுவிடத்தில் நிகழ்ந்தாலன்றிக் குற்றமில்லை என்னும்போது, பொதுவிடத்தில் பிழைப்பு நடத்துபவரே குற்றவாளியாக முடியும். சரக்குக்குரிய வணிகர் கிடங்கினுள் இருப்பார். எத்தனை மூட்டை ஏற்றுவது என்பதை வண்டியோட்டி தனியே முடிவு செய்வதில்லை. அபராதம் மட்டும் அவர் மடியிலிருந்தே போகும். காட்டில் வேட்டையாடிய துரைமார் எவர் கண்ணிலும் படவில்லை. பட்டிருப்பினும் புலி வீட்டு விலங்கன்று.

இம்முரண் 1930 ஏப்ரல் முதல் நாளில் குருதி சிந்தும் மோதலாயிற்று. வெயிற்காலத்தில் நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை கல்கத்தாவில் மாட்டு வண்டி ஓட்டலாகாது என விதிக்கப்பட்டது. எருமைக் கடாக்களுக்கு வெப்பம் தாங்கும் ஆற்றல் குறைவு. வங்காளத்துச் சித்திரை வெயிலில் அவை தெருவில் வீழ்வதைச் சங்கத்தார் கண்டிருந்தனர். விதியின் நோக்கம் நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் அன்றாடங் கூலிக்கு உழைத்த வண்டிக்காரருக்குப் பகலின் நடுவே மூன்று மணி நேரம் போவது வருவாயில் பெரும்பகுதி போவதாகும். அவ்விழப்பை வணிகர் ஈடுசெய்யவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. அப்துல் மோமின் முதலானோர் திரட்டிய வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, வண்டிகளையே குறுக்கே நிறுத்திச் சாலைகளை மறித்தனர். காவலர் துப்பாக்கியால் சுட்டனர். வண்டிக்காரர் சிலர் மாண்டனர். உப்புச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. நாட்டின் கண் தண்டியை நோக்கியிருந்ததால் இந்நிகழ்ச்சி தேசிய வரலாற்று நூல்களில் ஓரமாகவே நிற்கிறது. தொழிற்சங்க வரலாறு இதனை வண்டிக்காரர் பக்கம் நின்று மட்டும் எழுதுகிறது. எருமைகளும் அத்தெருவில் நின்றன என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். ஒரே நுகத்தடியில் கட்டுண்ட இரு உயிர்களுள் ஒன்றைக் காக்க மற்றொன்றைத் தண்டித்த சட்டம், அந்நுகத்தடியால் பொருளீட்டியவரைத் தீண்டவில்லை.

இந்தியத் தண்டனைச் சட்டம் வேறொரு வழியில் சென்றது. அதன் 428, 429-ஆம் பிரிவுகள் விலங்கைக் கொல்வதையும் முடமாக்குவதையும் சொத்துக்குச் சேதம் விளைவித்தல் என்னும் வகையில் அடக்கின. பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்காயின் ஈராண்டு வரை சிறை. ஐம்பது ரூபாய் மதிப்புள்ளதாயினும், யானை, ஒட்டகம், குதிரை, எருமை, பசு முதலியனவாயினும் ஐந்தாண்டு வரை. இங்கு இயல்பாக முறையிடுபவர் உடைமையாளர். உடைமையாளர் இல்லாத தெருநாய்க்காக வழக்குரைக்க வந்தவர், அதன் விலையைச் சொல்ல வேண்டிய விந்தை நிலைக்கு ஆளானார்.

விடுதலைக்குப் பின் இந்நிலையை மாற்ற முனைந்தவர் ருக்மிணிதேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே சட்டம் கொணரும் என நேரு உறுதியளித்ததன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதியின் விளைவே 1960-ஆம் ஆண்டின் 59-ஆம் சட்டம். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் 2018-இல் அரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்படும்வரை சென்னையில் இயங்கியது. பரதத்தால் அறியப்பட்ட அவருடைய இப்பணி தமிழாய்வில் உரிய அளவு பேசப்படவில்லை.

கருத்தளவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும் பாய்ச்சல். மனிதரல்லாத எவ்வுயிரும் விலங்கு என வரையறுத்தது. பொதுவிடம், காண்போர் என்னும் நிபந்தனைகளை நீக்கியது. விலங்கைப் பேணுவோர்க்கு அதன் நலம் காக்கும் கடமையை விதித்தது. ஆனால் முறையிடுவோர்க்கு அது கொடுத்த கருவி பழையதைவிட மழுங்கியது. 1890-இல் முதற்குற்றத்திற்கே நூறு ரூபாயும் சிறையும் விதிக்க இயன்றது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் 11-ஆம் பிரிவில் முதற்குற்றத்திற்குரிய அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை, சிறை இல்லை. மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தாலே நூறு ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும். இடைப்பட்ட காலத்தில் ரூபாயின் மதிப்பு என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனினும் முக்கியமானது 31-ஆம் பிரிவு. முடமாக்குதல் அல்லது கொடிய முறையில் கொல்லுதல், விலங்குச் சண்டைக்கு இடமமைத்தல், அடைத்து விடுவிக்கப்பட்ட விலங்கைச் சுடும் போட்டி, பூக்கா ஆகியவற்றில் மட்டுமே காவலர் பிடியாணையின்றி நடவடிக்கை எடுக்கலாம். அடித்தல், உதைத்தல், மிகை பாரம், பட்டினி போடுதல் ஆகியவை அவ்வகையில் சேரா. அதாவது பொதுமக்கள் நாள்தோறும் காணக்கூடியவற்றுக்கு, நடுவர் ஆணையின்றி இச்சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய இயலாது. 36-ஆம் பிரிவின்படி குற்றம் நிகழ்ந்த மூன்று மாதத்திற்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். தயங்கித் தயங்கி முறையிட வருபவர் முன் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும்.

1965-இல் இச்சட்டத்தின்கீழ் வந்த இழுவை, பொதி விலங்கு விதிகளில் கல்கத்தா மீண்டும் எதிரொலிக்கிறது. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை விலங்கை வண்டியில் பூட்டலாகாது. நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. 1930-இல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்த அதே மூன்று மணி நேரம், ஓசையின்றி விதியாயிற்று. இதனை எத்தனை காவலர் அறிவர் என்பது வேறு செய்தி. மாவட்டந்தோறும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் அமைக்க 2001-இல் விதி செய்யப்பட்டதும், காவலரால் இயலாததைச் சங்கம் காணட்டும் என்ற எண்ணத்தாலேயே.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நாகராஜா வழக்கின் தீர்ப்பு தமிழர் அனைவரும் அறிந்தது. சல்லிக்கட்டு பற்றிய சார்பு எதிர்ப்புகளுக்குள் இக்கட்டுரை புகவில்லை. முறையீட்டின் நோக்கில் அதில் இரண்டு செய்திகள் உள. வாரியம் தன் பார்வையாளர்களைக் களத்திற்கு அனுப்பி, அவர்கள் கண்டவற்றை அறிக்கைகளாக நீதிமன்றத்தில் வைத்தது. சாட்சியே அங்கு வழக்காளி. அடுத்து, 11-ஆம் பிரிவின் தண்டனைகள் போதா எனத் தீர்ப்பே சுட்டி, நாடாளுமன்றம் திருத்தும் என எதிர்பார்த்தது. தமிழ்நாடு 2017-இல் கொணர்ந்த திருத்தத்தை 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு செல்லுமென்றது; விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டெனக் கொள்ள முன்னுதாரணம் இல்லையெனவும் கருதியது. ஆகவே விலங்கு இன்னும் தன் பெயரால் மணியடிக்க இயலாது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் சேர்ந்த 51அ(எ) பிரிவின்படி உயிர்களிடத்து இரக்கம் குடிமக்களின் கடமையாக நிற்கிறது.

இன்று சாட்சியின் கையில் செல்பேசிப் படக்கருவி இருக்கிறது. தொழுவச் சுவர் அதன்முன் முன்போல் உயரமானதன்று. பதிவான காட்சியை மறுப்பதும் எளிதன்று. ஆயினும் அப்பதிவில் பெரும்பாலும் அகப்படுவது யாரென்று பார்த்தால், தெருவில் நிற்கும் அதே வண்டிக்காரரும் குதிரைக்காரரும் சுமைவண்டி ஓட்டுநருமே. 2022 நவம்பரில் நடுவண் அரசு தண்டனையைக் கூட்டும் திருத்த வரைவொன்றைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது சட்டமாகாத நிலையிலேயே 2024 சூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்தது. அதன் 325-ஆம் பிரிவு விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்னும் விலைக்கணக்கு அதில் இல்லை. குற்றத்தின் பெயர் மட்டும் பழையபடி, சேதம் விளைவித்தல்.