கட்டாரி

கட்டாரி: கைப்பிடி குறுக்காக அமைந்த இந்தியக் குத்துவாள். இணையாக நீளும் இரு கம்பிகளுக்கு நடுவே பிடி இருக்கும். அதைப் பற்றிக் குத்தினால் முஷ்டியின் விசை முழுதும் முனையில் இறங்கும். இரும்புவளையக் கவசத்தைத் துளைப்பதற்காக முனையைத் தடிப்பாக்குவதும் உண்டு.

பெயர் வழக்கு

தமிழில் கட்டாரி, கட்டாரம் என்பர். தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் ஆகியவற்றிலும் இதே சொல்லின் வடிவங்கள் உள்ளன. மராத்தியர் கட்யார் என்பர். மலையாளத்தில் பொதுவாக எந்தக் குத்துவாளுக்கும் இப்பெயர் பொருந்தும். சாவகத்துக் குத்துவாளான கெரிஸ் ஐரோப்பிய மொழிகளில் கிரிஸ் ஆனதுபோல, இது ஆங்கிலத்தில் கட்டார் என நிலைத்தது.

அந்த ஆங்கிலப் பெயர் சர்ச்சைக்குரியது. அக்பர் காலத்து ஐனி அக்பரி, ஜம்தாரையும் கட்டாரையும் தனித்தனி ஆயுதங்களாகப் பட்டியலிடுகிறது. குறுக்குப்பிடி வாளின் சரியான பெயர் ஜம்தாரே என்றும், 1880-இல் வெளியான எகர்டனின் இந்திய ஆயுதக் கையேட்டால் பெயர் மாறிவிட்டது என்றும் ஆயுத ஆய்வாளர் ஜி. என். பந்த் வாதிட்டார். ஆனால், கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும் கொழு போன்ற ஆயுதம் ஒன்றை 14-ஆம் நூற்றாண்டிலேயே பயணி இபின் பதூதா 'கத்தாரா' என்று குறித்திருக்கிறார். ஆகவே, பெயர் மாற்றத்தின் பழி முழுவதையும் எகர்டன்மீது சுமத்த முடியாது.

தென்னகத்தில்

விஜயநகர, நாயக்கர் காலங்களில் இவ்வாயுதம் செழித்தது. புறங்கையை மறைக்கும் இலைவடிவக் காப்பு தஞ்சைக் கட்டாரிகளின் தனி அடையாளம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கடல்வழி வந்த ஐரோப்பிய வாள்களின் அலகுகளை வெட்டி, உள்ளூர்ப் பிடிகளில் பொருத்தியதும் உண்டு.

 ஆங்கிலேயருக்கு எதிரான பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டதும், 1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1855-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்தபின் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. பல ஆயுதங்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. சில சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. வேறு சில வெளிநாட்டுச் சேகரிப்புகளில் இடம்பெற்றன.

இன்று

இந்தியத் தரைப்படையின் ராஜபுதன ரைஃபிள்ஸ் சின்னத்தில் ஊதுகொம்புடன் இரு கட்டாரிகள் குறுக்காக இடம்பெறுகின்றன. தமிழில் இச்சொல் குறுக்குப்பிடி வாளை மட்டுமன்றி, குத்துவாளையே பொதுவாகவும் குறிக்கிறது.