அச்சு முறுக்கு சொல்லும் சரித்திரம்



சரித்திரம் என்றவுடன் கோட்டைகளும் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே நம் நினைவில் எழுகின்றன. அடுக்களைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டிலே செய்யும் இனிப்பு பிஸ்கோத்தில் மக்கள் புதிய புதிய சுவைகளைச் சேர்த்துப் பார்த்த வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம். அவ்வரலாற்றின் ஓர் இழை நம் திருவள்ளூர் மாவட்டத்தின் வழியாகவே செல்கின்றது.

முதலில் சொல்லைக் கவனிப்போம். இவ்வகைப் பிஸ்கோத்தை ஆங்கிலத்தில் 'குக்கி' என்கின்றனர். இது ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்த சொல். அம்மொழியில் 'கூக்' என்றால் அப்பம். 'கூக்யெ' என்றால் சிற்றப்பம். அமெரிக்காவில் இன்று நியூயார்க் எனப்படும் நகரம், 1664-ல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை ஒல்லாந்தரின் குடியேற்றமாக இருந்தது. அங்கு வாழ்ந்தோரின் சிற்றப்பமே பெயரோடு ஆங்கிலத்தில் புகுந்தது.

அதே ஒல்லாந்தர் அதே நூற்றாண்டில் நம் கரைக்கும் வந்தனர். இன்று ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலும் ஏரியும் கூடுமிடத்தில் பழவேற்காடு இருக்கின்றது. 1602-ல் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-ல் அங்கு நிலைகொண்டது. 1613-ல் கேல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பியது. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பெரும்பாலும் பழவேற்காடே. அவர்களுடைய கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம்.

அவர்கள் இங்கு வந்த காரணம் யாது? கிழக்குத் தீவுகளில் விளைந்த சாதிக்காய், சாதிபத்திரி, கிராம்பு ஆகியவற்றுக்கு ஐரோப்பாவில் பெரும் விலை கிடைத்தது. அத்தீவினரோ ஐரோப்பியச் சரக்குகளை அதிகம் விரும்பவில்லை. சோழமண்டலத்துத் துணிகளை விரும்பினர். ஆகவே நம் நெசவாளர் நெய்த துணி கப்பலேறிச் சென்றது. அதற்கு ஈடாக நறுமணப் பொருள்கள் கிடைத்தன. ஒல்லாந்தர் விழாக்காலங்களில் உண்ணும் பிஸ்கோத்தில் இலவங்கப்பட்டையும் கிராம்பும் சாதிக்காயும் மணப்பதற்கு இவ்வாணிகமே பின்னணி.

அந்த மணத்துக்குக் கொடுத்த விலையையும் நாம் மறக்கலாகாது. 1621-ல் சாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளைக் கம்பெனிப் படை கைப்பற்றியபோது, அத்தீவு மக்களுட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அல்லது துரத்தப்பட்டும் அடிமைகளாக்கப்பட்டும் அழிந்தனர். அந்நூற்றாண்டிலேயே பழவேற்காட்டுத் துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். இனிப்பை உண்பவன் அதன் பின்னே நிற்கும் கண்ணீரை அறிவதில்லை. அதை அறிவிப்பது சரித்திரத்தின் கடமை.

இனி சமையல் முறைகளைப் பார்ப்போம். 1796-ல் அமீலியா சிமன்ஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலில் குக்கி செய்யும் முறை காணப்படுகின்றது. அதில் மணத்துக்குச் சேர்ப்பது எது தெரியுமா? பொடித்த கொத்தமல்லி விதை! நாம் குழம்புக்கு அரைக்கும் மல்லியை அவர்கள் இனிப்பில் இட்டனர். ஒரு நாட்டுக்குப் புதுமையாகத் தோன்றும் சுவை மற்றொரு நாட்டுக்கு வழக்கமானதே என்பது இதனால் விளங்கும்.

இலங்கையில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை அத்தீவின் கரையோரங்களை ஆண்டனர். சித்திரைப் புத்தாண்டில் அங்கு வீடுதோறும் செய்யும் 'கொக்கிஸ்' என்னும் பண்டம் அந்தக் 'கூக்யெ' என்ற சொல்லையே பெயராகத் தாங்கி நிற்கின்றது. ஆனால் பொருளோ முற்றிலும் மாறிவிட்டது. கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மாவு. வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப் பால். வெதுப்படுப்புக்குப் பதில் கொதிக்கும் எண்ணெய். நிறத்துக்குச் சிறிது மஞ்சள். வெளியிலிருந்து வந்த பெயருக்கு உள்ளூர் மக்கள் தம் கையிலிருந்த பொருளால் உருவம் கொடுத்தனர்.

அதன் உடன்பிறப்பே நம் அச்சு முறுக்கு. தமிழகத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் இது தவறாது இடம்பெறும். முறுக்கப்படாத பண்டமாயினும் 'முறுக்கு' என்றே பெயர் பெற்றது. இதனைச் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. அச்சை முதலில் எண்ணெயில் நன்கு காய வைக்க வேண்டும்; பிறகு முக்கால் பாகம் மட்டுமே மாவில் அமிழ்த்த வேண்டும். அச்சு சூடேறாவிடில் மாவு பற்றாது. மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடினால் பண்டம் கழன்று விழாது. எழுத்தறியாத பாட்டிமாரும் இவ்விதியைக் கைப்பழக்கத்தால் நன்கு அறிந்திருந்தனர்.

தூத்துக்குடி மக்ரூனும் இத்தகையதே. ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்த பண்டத்தை, நம்மவர் முந்திரிப் பருப்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு செய்தனர். அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் பயனேயாகும்.

நம் காலத்திலும் இச்சோதனை நின்றுவிடவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகு, தினை, கம்பு ஆகியவற்றால் வீட்டிலேயே பிஸ்கோத்து செய்வோர் உளர். கருப்பட்டியும் ஓமமும் சுக்கும் சேர்ப்போரும் உளர். கோதுமையில் மாவைப் பிணைக்கும் பசைப்புரதம் உண்டு. சிறுதானியங்களில் அது இல்லை. ஆதலால் அவற்றால் மட்டும் செய்த பிஸ்கோத்து எளிதில் உதிர்ந்துவிடும். சிறிது கோதுமை மாவையோ முட்டையையோ கலந்தால் உருவம் நிற்கும். சுவையில் புதுமை செய்ய விரும்புவோர் பொருளின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மாணவர்களே, கோட்டை இடிந்தாலும் கல்வெட்டு எஞ்சும். அடுக்களை அறிவுக்குக் கல்வெட்டு இல்லை. அதை அறிந்த முதியவர் மறைந்தால் அதுவும் மறையும். உங்கள் வீட்டு முதியோரிடம் சென்று, பண்டிகைப் பண்டங்களின் அளவையும் பக்குவத்தையும் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இன்ன பொருள் எங்கிருந்து வந்தது, யார் உழைப்பால் வந்தது என்பதையும் உசாவி எழுதுங்கள். நாளைய சரித்திர ஆசிரியனுக்கு அந்த நோட்டுப் புத்தகம் பெரிதும் பயன்படும்.