கதிர் ஊசிக்குப் பயப்பட முன் ஒரு வரலாறு



வெலிமடையில் எமக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்குத் தைரொயிட் ஸ்கேனுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. "கதிர் ஊசி போடுவாங்களாம், நான் போகமாட்டேன்" என்கிறார். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த ஊசியின் வரலாறு தெரிந்தால் பயம் குறையும்.

எமது நாட்டுக்குக் கண்டமாலை புதிதல்ல. 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமானது அதனால்தான். தைரொயிட் சுரப்பி அயடினை இழுத்தெடுக்கும். அது சாதாரண அயடினா, கதிர் வீசும் அயடினா என்று சுரப்பிக்குத் தெரியாது. இதை வைத்தே 1941இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டொக்டர் சோல் ஹேர்ட்ஸ் கதிர் அயடின் சிகிச்சையைத் தொடக்கினார்.

அதற்கு முன், 1938இல், கிளென் சீபோர்க் என்ற இளம் விஞ்ஞானி தன் சகாக்களுடன் இரண்டு பொருட்களைக் கண்டறிந்தார். ஒன்று அயடின்-131. அதன் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். அதன் பீட்டாக் கதிர் நோயுற்ற கலங்களை அழிக்கும். பிற்காலத்தில் அவருடைய தாயாரே இந்தச் சிகிச்சையைப் பெற்றார்.

ஆனால் படம் எடுக்கப் பீட்டாக் கதிர் தேவையில்லை. உடம்புக்கு வீண் சுமை. வேறு வழியில்லாததால் பல வருடங்கள் படத்துக்கும் அயடின்-131 தான் கொடுத்தார்கள்.

அந்தச் சுமையை இறக்கியது சீபோர்க்கின் இரண்டாவது பொருள், தெக்னீசியம்-99எம். 1960களில் அது மருத்துவத்துக்கு வந்தது. அது வீசுவது பெரும்பாலும் காமாக் கதிர். அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலங்கள். எமது மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். இன்று தைரொயிட் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் இதையே போடுகிறார்கள்.

இலங்கையிலும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் கதிர்வீச்சைக் கண்காணிக்கத் தனியான சபை அமைத்தது.

விஞ்ஞானமும் சட்டமும் தம் பங்கைச் செய்துவிட்டன. மிச்சம் எமது வாயில் இருக்கிறது. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். ஸ்கேனுக்குப் பின் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். அயடின் சிகிச்சை பெற்றவர்கள், டொக்டர் சொல்லும் நாள்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுச் சற்று விலகியிருங்கள்.

அந்தச் சகோதரியுடன் எமது வீட்டாரும் கூடப் போகிறார்கள், இன்ஷா அல்லாஹ்.